அக்கோடியன் வந்து சேர்ந்தது. கற்பிப்பவருக்கு என்ன ஏற்பாடு?

வன்னிப் பாடசாலைகளுக்கு இசைக்கருவிகள் வழங்கிவரும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் புலம்பெயர் அமைப்புகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகிகளுக்கும் உறவுகளுக்கும்,

வணக்கம். வன்னியிலே இசைக்குழுக்களில், தோளில் மாட்டித் துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கும் அக்கோடியனை வாசித்தும், பாடசாலைகளின் பாண்ட் வாத்தியக் குழுக்களைப் பழக்கியும், மாலை வேளைகளில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் சீவியம் நடத்துகின்ற ஒருவன் என்ற முறையில் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிவைக்கும் கருவிகளைப் பற்றியும், அவற்றைப் பிள்ளைகளுக்குப் பழக்குகின்றவர்களின் நிலையைப் பற்றியும் சில விடயங்களை வெளிப்படையாகப் பேசவேண்டியிருக்கிறது. கற்பிப்பவரைப் பற்றி எவரும் கேட்காமல் விடுவதால் நீங்கள் அனுப்பும் கருவியும் சேர்ந்து வீணாகிக்கொண்டிருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது.

1829 ஆம் ஆண்டு வியன்னாவில் சிரில் டெமியன் என்பவர் காப்புரிமை பெற்ற அக்கோடியன் என்ற பெட்டிக்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அதற்கு மின்சாரம் தேவையில்லை என்பதே முதற் சம்பந்தம். போர்க்காலத்தில் இப்பகுதிக்கு மின்சாரம் இருக்கவில்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. அந்த நாட்களில் கீபோட் வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் பலகை. அக்கோடியனோ தோளில் மாட்டிய உடனேயே ஒலிக்கும். திருவிழாவிலே சொரூபப் பவனியோடு நடந்துகொண்டே வாசிக்கலாம். ஒலிபெருக்கி இல்லாத மரத்தடியில் முப்பது பிள்ளைகளுக்குச் சுருதி கொடுத்துப் பாடவைக்கலாம். போர் முடிந்து கம்பிகளில் மின்சாரம் வந்த பின்னரும் இந்த நன்மை பழையதாகிவிடவில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரையில் மின்வெட்டு நீண்டபோது, கீபோட்டை நம்பியிருந்த வகுப்புகள் பல நின்றுபோயின. என் வீட்டு விறாந்தையில் நடந்த வகுப்பு அரிக்கேன் விளக்கோடு தொடர்ந்தது.

எனக்கு இக்கருவியைக் கற்பித்தவர் இசைநாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்த பெரியவர். ஆர்மோனியத்தில் ஒரு கை காற்றடிக்கும், மறு கை கட்டைகளில் ஓடும். அக்கோடியனிலோ வலக்கை கட்டைகளைப் பார்க்க, இடக்கை விரல்கள் தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் பொத்தான்களைத் தேட, அதே இடக்கையின் முழங்கையும் தோளும் துருத்தியை விரித்துச் சுருக்கவேண்டும். அவரிடம் நான் கட்டணம் கொடுத்துப் படிக்கவில்லை. வயல் வேலை வந்தால் போய்க் கைகொடுப்பேன், அவ்வளவுதான். அந்த ஒழுங்கு அந்தக் காலத்துக்குச் சரியாக இருந்தது. வாடகையும் பேருந்துக் கட்டணமும் மின்சாரப் பட்டியலும் மாதந்தோறும் வந்து நிற்கும் இன்றைய நாளில் அதே ஒழுங்கிலே ஒருவர் கற்பிக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆனால் எங்கள் பாடசாலைகள் பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கின்றன, வயல் ஒன்றும் இல்லாத என்போன்றவர்களிடம்.

இனி, நீங்கள் அனுப்பிவைத்த கருவிகளுக்கு வருகிறேன். கையளிப்பு நிகழ்வு நடக்கும். மண்டபத்தில் பதாகை தொங்கும். அதிபரும் வலயத்து அதிகாரியும் சங்கப் பிரதிநிதியும் சேர்ந்து பெட்டியைப் பிடித்தபடி படம் எடுப்பார்கள். அன்று மாலையே அது முகநூலில் வந்துவிடும். மறுநாள் அக்கருவி பொருட்பதிவேட்டில் ஏறிக் களஞ்சிய அறைக்குப் போகும். பதிவேட்டில் ஏறிய பொருள் பழுதானால் கணக்காய்வின்போது பதில் சொல்லவேண்டியவர் அதிபர். ஆகையால் பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, விடுமுறை நாளில் தொடக் கூடாது, சில இடங்களில் பொறுப்பாசிரியர் வராத நாளில் பூட்டையே திறக்கக் கூடாது. அதிபர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய நாற்காலியில் இருந்தால் நானும் அப்படித்தான் பூட்டுவேன். ஆனால் நாளாந்தப் பயிற்சி இல்லாமல் எந்தப் பிள்ளையும் இதைக் கற்றுக்கொண்டதில்லை, பூட்டிய அறையிலே எந்த அக்கோடியனும் நலமாக இருந்ததுமில்லை.

சென்ற ஆண்டு ஒரு பாடசாலையில், பழுதென்று எழுதி ஒதுக்கிவைத்திருந்த ஒரு ஜேர்மன் கருவியைத் திறந்து பார்க்கும்படி கேட்டார்கள். தூக்கியவுடனேயே உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஊசிகளைக் கழற்றித் துருத்தியைப் பிரித்தபோது, சுரத்தகடுகள் பத்துப் பன்னிரண்டு, உள்ளிருக்கும் மரக்கட்டையை விட்டுக் கழன்று அடியிலே கிடந்தன. இக்கருவியின் உள்ளே மரக்கட்டைகளின்மேல் உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் இரண்டு எஃகு நாக்குகள், அதாவது ரீட்கள், ஒன்று துருத்தி விரியும்போது ஒலிப்பதற்கு, மற்றையது சுருங்கும்போது ஒலிப்பதற்கு. அத்தகடுகளைக் கட்டையோடு பிடித்துவைப்பது தேன்மெழுகையும் பிசினையும் சேர்த்து உருக்கிய கலவை. ஐரோப்பியக் காலநிலைக்கென்று வார்த்த அந்த மெழுகு, தகரக் கூரைக்குக் கீழே வைகாசி, ஆனி மாதத்து வெக்கையில் இளகும். மாரியில் ஈரம் ஏறி எஃகு துருப்பிடிக்கும். ரீட்டுக்கு மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் வால்வு சுருண்டுவிடும். வார்ப்பட்டையை எலி தின்னும். அந்தப் பெட்டியில் இவை எல்லாமே நடந்திருந்தன. கட்டைகளை வெளியே எடுத்துப் பழைய மெழுகைச் சுரண்டி, புதிதாக உருக்கி ஊற்றி, தகடு தகடாக ஒட்டி, துருவை மெதுவாக உரசி எடுத்துச் சுருதி பார்த்து முடிக்க எனக்கு ஒரு விடுமுறைக் காலம் முழுவதும் பிடித்தது. கூலி என்ன என்று அங்கே எவரும் கேட்கவில்லை. கருவியைத் திருத்துவதற்கென்று அவர்களிடம் நிதியே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அன்பளிப்போடு அப்படியொரு நிதி வரவில்லை.

கருவியைத் தெரிவுசெய்வதிலும் நீங்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 120 பேஸ் பொத்தான்கள் கொண்ட முழு அளவான அக்கோடியன் பத்துக் கிலோகிராமைத் தாண்டும். படத்தில் அது மிகக் கம்பீரமாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளை அதைத் தோளில் மாட்டினால் நாடி மேற்பலகையில் முட்டும், இடக்கை முழுவதாக விரியாது, அரைமணி நேரத்தில் முதுகு வலிக்கும். அந்த வயதுக்கு 48 பேஸ் கருவி போதும், அதிலும் சிறிய பிள்ளைக்கு 12 பேஸ் கூடப் போதும். இன்னொரு சங்கடமும் உண்டு. சுவிற்சர்லாந்தில் இருக்கும் உறவுகள் சிலர் அங்கே பழைய பொருட்கள் விற்கும் கடையில் அழகான பொத்தான் வகைக் கருவிகளைக் கண்டு, நல்ல மனத்தோடு வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அந்நாட்டு மக்களிசைக்கென்று உருவான அவ்வகையில், ஒரே பொத்தானை அழுத்தி விரித்தால் ஒரு சுரமும் சுருக்கினால் வேறொரு சுரமும் வரும். கட்டை வைத்த அக்கோடியனில் பழகிய பிள்ளைக்கோ எனக்கோ அதனால் பயனில்லை. அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரை நான் வன்னியில் இன்னும் சந்திக்கவில்லை. இருந்தால் தயவுசெய்து என்னிடம் அனுப்பிவையுங்கள், நான் படிக்கத் தயார்.

கற்பிப்பவரின் தொழில் எப்படி நடக்கிறது என்பதை இப்போது சொல்லவேண்டும். முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கும்போது எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரே நேரத்தில் பாண்ட் வேண்டும். அணிநடைக்கும் விருந்தினர் வரவேற்புக்கும் மூன்று நான்கு பாட்டுகளைச் சில வாரங்களுக்குள் பிள்ளைகளின் கையில் ஏற்றிவிடச் சொல்வார்கள். போட்டி முடிந்த மறுநாள் என்னுடைய வேலையும் முடிந்துவிடும். தவக்காலத்தில் திருப்பாடுகளின் காட்சிகளுக்கு வாசிப்பு வரும், பங்குனி தொடங்கி ஆவணி வரையில் கோயில் திருவிழா மேடைகளில் இசைக்குழுக்களோடு போவேன், ஆவணி நடுப்பகுதியில் மடு மாதா ஆலயத் திருவிழா, பிறகு பரிசளிப்பு விழாக்கள், மார்கழியில் கரோல். இடையிலே ஐப்பசியும் கார்த்திகையும் மழையோடு வெறுமையாகப் போகும். இசைக்குழு மேடைகளிலும் நிலைமை மாறிவிட்டது. ஒரு கீபோட்டிலே அக்கோடியன் ஒலி, வயலின் ஒலி, புல்லாங்குழல் ஒலி எல்லாம் இருக்கும்போது தனியாக ஓர் அக்கோடியன்காரருக்கு ஏன் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று கேட்கும் குழுத்தலைவர்களின் கணக்கு எனக்கு விளங்குகிறது. ஆனால் மெல்லிசை மன்னர் விசுவநாதனின் குழுவிலே மங்களமூர்த்தி வாசித்த அக்கோடியனைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள், துருத்தி மூச்சு வாங்கி ஒரு சுரத்தைப் பெருக்கிப் பின்னர் மெலிக்கும் அந்த நெளிவு, கட்டையைத் தட்டினால் வரும் பதிவு ஒலியில் இல்லை என்பதையும் அறிவார்கள்.

ஆக, மேடை குறையக் குறையக் கற்பித்தலே எங்களுக்கு மிஞ்சிய பிழைப்பு. அங்கேதான் கதவு மூடியிருக்கிறது. வடக்கில் ஒரு பிள்ளை வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்தால், 1931 இல் தொடங்கப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளில் முதலாம் தரத்திலிருந்து ஆசிரியர் தரம் வரை படிப்படியாக ஏறலாம். சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதத்தைப் பாடமாக எடுக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை இருக்கும் மருதனார்மடத்தில் பட்டம் பெறலாம். பின்னர் ஆசிரிய நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அக்கோடியனுக்கு இங்கே அப்படியொரு ஏணி இல்லை. இருபது ஆண்டு மேடையில் வாசித்தவராயினும் அவர் பாடசாலைக்குள் நுழைவது வெளியார் என்ற பெயரில்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தன் கையிருப்பைப் பார்த்துத் தருவதே அவருக்குச் சம்பளம். கையிருப்பு இல்லாத மாதத்தில் தேநீரும் நன்றியும். இதற்காகக் கர்நாடக இசையோடு நான் வழக்காடவில்லை. அக்கோடியனின் சுரங்கள் தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தப்பட்டவை. சுரத்தை அசைத்தும் வளைத்தும் இசைக்கும் கமகம் அதில் வராது. தோடியையோ சகானாவையோ அதில் வாசிக்க முயல்வது அந்த இராகங்களுக்குச் செய்யும் அநியாயம். இதே குறையைச் சுட்டித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரையில் ஆர்மோனியத்தை ஒதுக்கிவைத்திருந்தது. கச்சேரி மேடையில் எங்களுக்கு இடம் கேட்கவில்லை. பிள்ளைகள் கூட்டாக வாசிக்கும் இடத்தில், பாட்டுக்குத் துணைசெய்யும் இடத்தில், மெல்லிசையில், தேவாலயத்தில் இதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவருக்குக் கூலியைத்தான் கேட்கிறேன்.

கற்பித்தல் என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதையும் விளக்கவேண்டும், ஏனென்றால் மூன்று பாட்டைப் பாடமாக்கிவிடுவதுதான் கற்பித்தல் என்று நினைப்பவர்கள் பலர். என்னிடம் வரும் பிள்ளை முதற் சில வகுப்புகளுக்குக் கட்டையையே தொடாது. காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை விரிப்பதும் சுருக்குவதும் மாத்திரமே பயிற்சி. எதையும் அழுத்தாமல் வெறுமனே இழுத்தால் துருத்தியின் மடிப்பும் உள்ளே இருக்கும் தோலும் கெடும். பாட்டின் அடி எங்கே முடிகிறதோ அங்கே துருத்தியைத் திருப்பவேண்டும், சொல்லின் நடுவிலே திருப்பினால் பாடகர் சொல்லின் நடுவே மூச்சு வாங்கியதைப் போலக் கேட்கும். அதன்பின் இடக்கை. பேஸ் பொத்தான்களைக் கண்ணால் பார்க்க முடியாது. நடுப்பகுதியிலுள்ள ஒரு பொத்தானில் சிறிய குழி இருக்கும், விரல் அதைத் தடவிக் கண்டுபிடிக்கவேண்டும். அதைச் சட்சமாக வைத்துக்கொண்டால் அதற்கு நேர்மேலே இருப்பது பஞ்சமம், கீழே இருப்பது சுத்த மத்திமம். மேலே போகப்போக ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் பஞ்சமம். சங்கீத வகுப்பில் ச, ப என்று சுருதி சேர்த்துப் பழகிய ஒரு சிறுமிக்கு இதைச் சொன்னபோது, அவள் தானாகவே விரலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து, அடுத்த வகுப்புக்கு வரும்போது தனக்குத் தெரிந்த ஒரு பக்திப் பாடலுக்கு இடக்கையை அமைத்துக்கொண்டு வந்தாள். வலக்கைக்குக் கறுப்புக் கட்டைகளை மாத்திரம் ஒழுங்காக வாசிக்கச் சொன்னால் மோகனம் வந்துவிடும். முதல் மாதத்திலேயே ஒரு பிள்ளை இராகத்தின் சாயலைக் கேட்டு மகிழ இதைவிட இலகுவான வழி இல்லை. சரளி வரிசையை மாயாமாளவகௌளையிலே இரண்டு காலத்தில் வாசிக்கவைப்பேன், விரல் ஒழுங்குக்காக. இப்படிப் பழகிய பிள்ளை இரண்டாம் ஆண்டிலே புதிய பாட்டைத் தானே கேட்டு எடுத்துக்கொள்ளும். மெய்வல்லுநர் போட்டிக்கென்று அவசரத்தில் பழக்கப்பட்ட பிள்ளையோ அடுத்த ஆண்டு அதே மூன்று பாட்டையும் மீண்டும் முதலிலிருந்து கற்கவேண்டியிருக்கும்.

எனவே உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் இது. கருவிக்கென்று நீங்கள் ஒதுக்கும் பணத்தின் ஒரு பகுதியை, அதே பாடசாலையில் ஆண்டு முழுவதும் வாரம் இரண்டு நாள் கற்பிக்கும் ஒருவருடைய கொடுப்பனவாக மாற்றித் தாருங்கள். புதிதாக ஒரு 120 பேஸ் கருவியை ஐரோப்பாவில் வாங்குகின்ற விலைக்கு, ஓராண்டுக்கும் மேலாக ஒருவருக்கு இங்கே மரியாதையான கொடுப்பனவு வழங்கலாம். 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்தபின் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிவிட்டது. அக்கொடுப்பனவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கினூடாக, அதிபரின் ஒப்புதலோடு, தவணைதோறும் வழங்கலாம். பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதைத் தவணை முடிவில் நீங்கள் காணொளியில் பார்த்துக்கொள்ளலாம். படம் எடுப்பதற்கு அதில் பெட்டி ஒன்றும் இருக்காது என்பது எனக்கும் தெரிகிறது. ஆனாலும் உங்களுடைய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர்களுக்குக் காட்டுவதற்கு, பிள்ளைகள் வாசிக்கும் பத்து நிமிடக் காணொளி ஒரு கையளிப்புப் படத்தைவிடக் குறைந்ததாகுமா என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது திருத்த வேலை. வன்னியில் அக்கோடியன் திருத்துவதற்கென்று ஒரு கடையும் எனக்குத் தெரிந்து இல்லை. கொழும்புக்குக் கொண்டுபோகவேண்டும், சுமைகளோடு வைத்தால் மெழுகு இளகும் என்று இரவுப் பேருந்தில் மடியிலே வைத்துக்கொண்டு போனவன் நான். இரண்டு இளைஞர்களுக்கு மெழுகிடுதல், தோல் மாற்றுதல், சுருதி பார்த்தல் ஆகியவற்றைப் பழக்கிவிட்டால், இப்பகுதியின் எல்லாப் பாடசாலைகளுக்கும் அது காணும். பழக்குவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன். தோல் வால்வும் மெழுகும் திருத்த வேலைக்கான சில கைக்கருவிகளும் ஜேர்மனியிலும் இத்தாலியிலும் சாதாரணமாக வாங்கக்கூடியவை, ஊருக்கு வரும் ஒருவருடைய பயணப் பொதியில் அடங்கிவிடும். ஒரு பழைய பெட்டியை அனுப்பும் செலவில் பத்துப் பெட்டிகளை உயிர்ப்பிக்கும் பொருட்களை அனுப்பலாம்.

கருவியே அனுப்பத்தான் வேண்டும் என்று உங்கள் சங்கம் முடிவெடுத்தால், அனுப்புவதற்கு முன்னர் அப்பாடசாலையில் அதை யார் கற்பிக்கிறார், வாரத்தில் எத்தனை நாள் அது பிள்ளையின் கைக்குப் போகும், பழுதானால் யார் பொறுப்பு என்பவற்றை அதிபரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிள்ளை கையொப்பமிட்டு வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதிக்கும் ஒரு நிபந்தனையையும் அன்பளிப்புக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள். அன்பளிப்பாளர் எழுதிய நிபந்தனை கையிலிருந்தால் கணக்காய்வாளருக்குப் பதில் சொல்வது அதிபர்களுக்கு இலகுவாகும் என்று அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கட்டை வைத்த 48 பேஸ் கருவியாக இருக்கட்டும். எடுத்துவைக்கும்போது துருத்தியின் வார்ப்பூட்டைப் போட்டு, நான்கு பாதங்களில் நிமிர்த்தி, கூரை வெக்கை படாத அறையில் வைக்கும்படி ஒரு தாளில் தமிழில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவிடுங்கள்.

அடுத்த ஆண்டுக்கான திட்டங்களைப் பெரும்பாலான சங்கங்கள் புரட்டாதிக்கும் கார்த்திகைக்கும் இடையிலே முடிவுசெய்கின்றன என்று அறிகிறேன். இம்மடலை அக்கூட்டங்களில் வாசித்து, ஒரே ஒரு பாடசாலையிலாவது கருவிக்குப் பதிலாக ஓராண்டுக் கொடுப்பனவை முயன்று பார்க்கும்படி வேண்டுகிறேன். அந்தப் பாடசாலை நான் கற்பிக்கும் இடமாக இருக்கவேண்டும் என்பதில்லை. துணுக்காயிலும் மடுவிலும் வவுனியா வடக்கிலும் என்னைவிட நன்றாக வாசிக்கின்றவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பாடசாலையில் எந்தக் கருவி என்ன நிலையில் இருக்கிறது என்று நான் பார்த்துக் குறித்துவைத்த விபரங்களை, அந்தந்த அதிபரின் சம்மதத்தோடு, கேட்கும் சங்கத்துக்குத் தருவேன்.

இங்ஙனம்,
வன்னியிலிருந்து ஓர் அக்கோடியன் வாத்தியக் கலைஞன்